மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை

ஏறாவூர் ஆற்றங்கரைப் பக்கம் வந்து பொட்டணிக்கார அசனாரின் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டிவிடுவார்கள். முப்பத்தொரு வருடமாக அவர் மோட்டார் சைக்கிளின் பின்னால் உடுபுடவைப் பொட்டணியைக் கட்டிக்கொண்டு செங்கலடி தாண்டி, கரடியனாற்றுக்கும் அதற்கப்பால் உள்ள ஊர்களுக்கும் போய் வந்தவர். சாரன், சட்டைத்துணி, சின்னப்பிள்ளைகளின் கவுன் எல்லாம் அந்தப் பொட்டணிக்குள் இருக்கும். ஒழுங்கைக்குள் ஹோர்ன் சத்தம் கேட்டாலே பெண்கள் படலையடிக்கு வந்து நிற்பார்கள். அவருக்கு அதிகம் பேச்சு வராது. துணியை விரித்துக் காட்டிவிட்டுச் சும்மா இருப்பார்; அதுவே அவருடைய வியாபாரத் தந்திரம் என்று மற்றப் பொட்டணிக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

பேசுவதெல்லாம் அவருடைய மனைவி சித்தி நபீஸாதான். வாசலில் யார் வந்து நின்றாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" என்பது. மீன்காரன், மீட்டர் பார்க்க வருகிறவன், வழி தவறி வந்தவன் யாரானாலும் அதே கேள்விதான். ஒரே மகன் ஷாமில் கலியாணம் முடித்து ஓட்டமாவடிக்கு, பெண் வீட்டுக்குப் போனான். பிறகு அங்கிருந்து கத்தாருக்குப் போனான். வீட்டில் இவர்கள் இருவரும் மிஞ்சினார்கள்.

நபீஸாவுக்கு ஐம்பத்தாறு வயது நடக்கும்போது அந்த நோய் தொடங்கியது. முதலில் கறிக்கு உப்பு இரண்டு தரம் விழுந்தது. பிறகு அடுப்பில் உலை கொதித்து வற்றி, பானை கருகியது. ஒருநாள் காலை அசனார் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, அவள் இன்னொரு கோப்பையில் பிட்டும் மீன் சொதியும் கொண்டுவந்து முன்னால் வைத்து, "சாப்பிடுங்க, நேரம் போகுது" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை. இரண்டாம் தரமும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ காலைகளில் அப்படிச் சாப்பிட்டிருக்கிறார். "இப்பதானே தந்த" என்று சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று ஒருமுறை பார்த்துவிட்டார். இன்னொருமுறை பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

மட்டக்களப்பில் கிளினிக்கில் காட்டினார்கள். மறதி நோய், கொஞ்சம் வெள்ளென வந்துவிட்டது, மாத்திரை வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது என்றார்கள். மாதம் ஒருமுறை கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் மாத்திரை எடுத்து வருவார். கிழமைக்கு ஆறு நாள் போன வியாபாரம் மூன்று நாளாகி, இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் பக்கத்து வீட்டு றிஸ்லா வந்து எட்டிப் பார்த்துக்கொள்வாள். நபீஸா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள். ஒருகாலத்தில் வாய் மூடாத பெண் கதவு நிலையில் சாய்ந்து, ஆற்றைப் பார்த்தபடி மணிக்கணக்காக நிற்பாள். வீடு அப்படி அமைதியாகிப் போனதைத்தான் அசனாரால் தாங்க முடியவில்லை.

கார்த்திகை மாத மாரி. கரடியனாற்றிலிருந்து திரும்பும் வழியில் மழை கொட்டியது. பஸ் தரிப்பிடம் ஒன்றுக்குள் மோட்டார் சைக்கிளை ஏற்றிவிட்டு ஒதுங்கினார். அங்கே மூலையில், நனைந்து ஊறிய பிஸ்கட் பெட்டி ஒன்றுக்குள்ளிருந்து கம்பி இழுத்தது போல ஒரு கீச்சுக் குரல் வந்தது. உள்ளே மூன்று பூனைக்குட்டிகள். இரண்டு விறைத்துப் போயிருந்தன. அவற்றின் மேல் ஏறி நின்றுகொண்டு மூன்றாவது கத்திக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம், கழுத்து மட்டும் வெள்ளை. உள்ளங்கையில் பாதிகூட வராது.

அசனாருக்குப் பூனை வளர்த்துப் பழக்கமில்லை. மழை விட்டதும் போய்விடலாம் என்றுதான் நின்றார். மழை விட்டது. சாவியைத் திருகினார். பிறகு இறங்கிப் போய், குட்டியை எடுத்துப் பொட்டணிக்குள், புதுச் சாரன்களின் நடுவே வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் பொட்டணியை அவிழ்த்தபோது ஒரு நல்ல சாரனை அது ஈரமாக்கியிருந்தது. நபீஸா கதவடியிலிருந்து வந்து குனிந்து பார்த்தாள். இரண்டு கையாலும் தூக்கினாள். அது அவள் விரலைச் சப்பத் தொடங்கியது.

"இதுக்குப் பசிக்கிது" என்றாள். "இஞ்சருங்க, இதுக்கு வகுறு ஒட்டிப்போய்க் கிடக்கு. பாருங்க."

ஒரு மாதத்தில் அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை.

மறுநாள் இருவருமாகக் குட்டியை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். டொக்டர் ஆர்த்திகா இளம் பெண். குட்டியின் வாயைத் திறந்து பார்த்தாள், வயிற்றைத் தடவினாள், வாலைத் தூக்கிப் பார்த்து ஆண் என்றாள்.

"மூணு கிழமைதான் இரிக்கும் ஐயா. தானாக் குடிக்கத் தெரியாது. மாட்டுப்பால் குடுக்காதீங்க. டவுன்ல குட்டிகளுக்கெண்டு பால்மா டின் விக்கிறாங்க, அதக் கரைச்சு ஊசியில்லாத சிறிஞ்சியால குடுங்க. மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. அஞ்சு மில்லி, கூடினா ஆறு."

"அது போதுமா டொக்டர்?"

"போதும். இன்னும் வேணுமெண்டு கத்தும், குடுக்காதீங்க. கூடப் போனா பால் மூச்சுக்குழலுக்குள்ள இறங்கிரும். பட்டினியில குட்டி ஒரு நாள் தாங்கும். இது தாங்காது."

அசனார் மூன்று தரம் கேட்டு மனதில் பதித்துக்கொண்டார். வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கவும், பால் கொடுத்த பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் துடைத்து மூத்திரம் போக வைக்கவும் பழகினார். இரவிலும் எழும்பினார். அறுபது வயதில் அப்படி எழும்புவது உடம்பை முறித்தது. ஆனாலும் காலையில் குட்டியின் வயிறு மெத்தென்று இருப்பதைத் தொட்டுப் பார்க்கும்போது ஏதோ ஒரு நிம்மதி வரும்.

நபீஸா ஒவ்வொரு நாளும் அதற்கு ஒரு பெயர் வைத்தாள். ஒரு நாள் சீனி. மறுநாள் ராணி. ஆண் என்று டொக்டர் சொன்னதை அவர் ஞாபகப்படுத்தியதும் அன்று பின்னேரம் சுல்தான் ஆனது. அடுத்த நாள் திரும்பவும் ஒரு பெண் பெயர். கதவு நிலையில் நின்று ஆற்றைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பாயில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு அதோடு பேசுவாள். குட்டி தள்ளாடி நடந்து அவள் சீலை மடிப்பில் விழுந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். றிஸ்லா மதில் பக்கமிருந்து, "மாமிர சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தின நாள்!" என்றாள்.

ஆனால் மூன்றாம் நாளே அசனார் ஒன்றைக் கண்டுகொண்டார். அவர் பால் கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் நபீஸா மறுபடியும் பால் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பதான் அது குடிச்ச, புள்ள."

"ஆரு குடுத்த?"

"நான்தான் குடுத்தன். நீ பக்கத்துல இரிந்து பார்த்தாய்."

"இல்லையே. நான் காணல்ல." அவள் குட்டியை அணைத்துக்கொண்டாள். "அது கத்துறது உங்களுக்குக் கேக்கலயா?"

அது கத்தத்தான் செய்தது. எல்லாக் குட்டிகளும் கத்தும். அன்றிலிருந்து பால் டின்னையும் சிறிஞ்சியையும் இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் முடிந்துகொண்டார். அவள் தேயிலைத் தண்ணீரில் பாண் துண்டை நனைத்துக்கொண்டு வந்தாள். அதையும் வாங்கி வைத்தார். அப்போதுதான் அவள் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"வாயில்லாத சீவனப் பட்டினி போடுறீங்க. நீங்க இப்படி ஒரு மனிசனெண்டு எனக்குத் தெரியாது."

இத்தனை வருட வாழ்க்கையில் அவள் சொன்ன எந்தச் சொல்லும் அவருக்கு அப்படிக் குத்தியதில்லை. விளக்கம் சொல்லலாம், சொன்னால் அரை மணித்தியாலத்தில் அது அவளிடம் இருக்காது, கோபம் மட்டும் இருக்கும். அவள் அவருடைய முகத்தைப் பார்க்காமல் இரண்டு நாள் இருந்தாள். ஏன் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் கிளினிக் நாள். விடிந்ததிலிருந்து எல்லாம் குழம்பியது. குட்டிக்குப் பால் கொடுத்து முடிக்கவில்லை, நபீஸா குளியலறையில் சீலையோடு நனைந்துகொண்டு நின்றாள். அவளைத் துவட்டி, உடுப்பு மாற்றினார். கிளினிக் கொப்பியைக் காணவில்லை. கடைசியில் அது அரிசி வாளிக்குள் கிடந்தது. மாத்திரை வரிசையில் பிந்தினால் நாள் முழுக்கப் போய்விடும் என்ற பதற்றத்தில், றிஸ்லாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்த பிறகு மடியைத் தடவினார். சாவி இருந்தது. சாவி இருந்தது சரி, பூட்டினோமா? டின்னை அலுமாரிக்குள் வைத்த ஞாபகம் அவருக்கு வரவில்லை. குசினி மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் அது இருந்தது மட்டும் கண்ணுக்குள் தெளிவாக வந்தது.

றிஸ்லாவுக்கு அழைத்தார். எடுக்கவில்லை. இன்னும் இரண்டு தரம் அழைத்த பிறகு எடுத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.

"மகள், ஒருக்கா எங்கட வீட்ட போய்ப் பாருங்க. பால் டின் வெளிய இரிக்கா எண்டு பாருங்க."

கொஞ்ச நேரத்தில் அவளே திரும்ப அழைத்தாள். "மாமா, மாமி நல்ல சந்தோசமா இரிக்கா. குட்டி மடியில தூங்குது. டின்ன நான் மேல தட்டுல வெச்சிட்டன்."

"பால் குடுத்தாவா?"

"கேட்டன். ஒருக்காத்தான் குடுத்தாவாம்."

ஒருக்காத்தான். அந்தச் சொல்லுக்கு நபீஸாவின் வாயில் என்ன பெறுமதி என்று றிஸ்லாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், அசனாருக்குத் தெரியும். தெரிந்தும் அவர் அதை நம்பினார். அவருக்கு முன்னால் பதினேழு பேர்தான் மிச்சம். எழும்பிப் போனால் இன்னொரு நாள் வரவேண்டும், இன்னொரு நாள் அவளைத் தனியே விடவேண்டும். குட்டி தூங்குகிறது என்றுதானே சொன்னாள். வாங்கிலேயே இருந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பகல் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். நபீஸா பாயில் இருந்தாள். மடியில் குட்டி. அதன் வயிறு இறுகி ஊதியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கால் பால் குமிழி விட்டது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கரைத்த பால், அதற்குள் சிறிஞ்சி. மேல் தட்டில் றிஸ்லா வைத்த டின்னை முக்காலி போட்டு இறக்கியிருந்தாள். முந்தநாள் உடைத்த டின்னில் அரைவாசி இல்லை.

"நித்திரை" என்றாள் நபீஸா மெல்ல. "எழுப்பாதீங்க. வகுறு நிறஞ்சிட்டு."

அவர் குட்டியைப் பறித்துத் தலைகீழாகப் பிடித்து, சாரன் நுனியால் மூக்கைத் துடைத்து, முதுகைத் தட்டினார். பால் வழிந்தது. மறுபடியும் குமிழி விட்டது. அவளைத் தனியே விட்டுப் போகவும் முடியாது. மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி, குட்டியைத் துவாயில் சுற்றி அவள் கையிலேயே கொடுத்துக்கொண்டு பறந்தார். வழி நெடுக அவள் அவர் முதுகில் தட்டிக்கொண்டே வந்தாள். "சுறுக்காப் போங்க. வெளிக்கிட்டு எவ்வளவு நேரம், அதுக்குப் பசிக்கும்."

டொக்டர் ஆர்த்திகா சின்னக் குழாய் வைத்து உறிஞ்சிப் பார்த்தாள். நெஞ்சை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டாள்.

"எத்தின தரம் குடுத்தீங்க?"

"ஒருக்காத்தான் டொக்டர்" என்றாள் நபீஸா. அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு தரம்தான்.

டொக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வை தன் மனைவியின் மேல் இன்னும் ஒரு நொடி நிற்பதை அசனாரால் பொறுக்க முடியவில்லை.

"நான்தான் டொக்டர்" என்றார். "நான்தான் திரும்பத் திரும்பக் குடுத்துட்டன். கத்திச்சி. மனம் கேக்கல்ல."

"நான் அண்டைக்கே சொன்னனே ஐயா! எத்தின தரம் சொன்னன்? நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இரிந்தீங்க? இவ்வளவு சின்னக் குட்டியக் கொண்டுபோறவங்க சொல்லுற பேச்சக் கேக்கணும்."

அசனார் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நபீஸா அவர் பக்கம் திரும்பி, எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "ஏன் அப்படிச் செஞ்சீங்க?"

அவர் குட்டியைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

குட்டியைப் பின்வளவில் தோடை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தார். மாரி மண், மண்வெட்டி வைத்ததும் இறங்கியது. அவர் மண் மூடும்போது நபீஸா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததும், "பூனைக்குட்டி எங்க?" என்று கேட்டாள்.

முதல் தரம் உண்மையைச் சொன்னார். அவள் அப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல நெஞ்சில் கை வைத்து அழுதாள். ஒரு மணித்தியாலம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னார், மறுபடியும் அதே அழுகை, ஒரு சொட்டும் குறையவில்லை. "எப்படி மௌத்தாகின?" என்று கேட்டபோது, "நான் பால் கூடக் குடுத்துட்டன்" என்றார். டொக்டரிடம் சொன்ன பொய்யையே அவளிடமும் சொல்லவேண்டியதாகப் போயிற்று. யோசித்துப் பார்த்தால் அதைப் பொய் என்றும் அவரால் சொல்ல முடியவில்லை. டின்னை வெளியே விட்டது யார்? வாங்கிலிருந்து எழும்பாமல் இருந்தது யார்? அவளுக்கு நோய். அவருக்கு என்ன?

அன்று பின்னேரம் நான்காம் தரம் கேட்டபோது, "றிஸ்லா வீட்ட விளையாடப் போயிட்டு" என்றார். அவள் தலையாட்டினாள். "வந்தா சொல்லுங்க. சாப்பாடு குடுக்கணும்."

ஒன்பது நாள் அவள் கேட்டாள். ஒன்பது நாளும் குட்டி எங்காவது போயிருந்தது. றிஸ்லா மதிலடியில் நின்று, "மாமா, காத்தான்குடியில என்ட சாச்சி வீட்டுப் பூன குட்டி போட்டிரிக்கி. ஒண்ட எடுத்து வரட்டா? மாமிக்குத் தெரியவா போகுது?" என்று கேட்டாள். அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். "வேணாம் மகள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

பத்தாம் நாள் நபீஸா கேட்கவில்லை. காலையில் கேட்பாள் என்று இருந்தார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்பாள் என்று இருந்தார். என்ன பொய் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார். அவள் கதவு நிலையில் சாய்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னேர அஸருக்குப் பாங்கு சொன்னது. அவரால் பொறுக்க முடியவில்லை. அவரே பக்கத்தில் போய்க் கேட்டார்.

"புள்ள, நம்மட்ட ஒரு பூனைக்குட்டி இரிந்திச்சே."

"பூனைக்குட்டியா?" அவள் யோசித்துப் பார்த்தாள். "நமக்கு எங்க பூன? உங்களுக்குத்தான் பூன விருப்பமில்லையே."

அவர் கிணற்றடிக்குப் போய்க் கப்பிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவள் அவரைத் திட்டியதும் போயிற்று, சிரித்ததும் போயிற்று. கொஞ்ச நாள் அந்த வீட்டுக்குள் ஒரு சத்தம் இருந்தது என்று சொல்ல இனி அவரைத் தவிர யாரும் இல்லை.

கத்தாரிலிருந்து ஷாமில் அழைத்தபோது அவனிடம் சொல்லத் தொடங்கினார். "ஒரு பூனைக்குட்டிக்கா வாப்பா இவ்வளவு?" என்றான் அவன். வேலைக்கு பஸ் வந்துவிட்டது, பிறகு பேசுகிறேன் என்றான். அவன்மேல் குற்றமில்லை. பூனைக்குட்டியைப் பற்றி மட்டும்தானே அவனுக்குச் சொன்னார்.

பொட்டணியில் கிடந்த உடுபுடவையை இன்னொரு பொட்டணிக்காரன் றிஷாட்டிடம் ஒப்படைத்தார். கரடியனாற்றுப் பெண்கள் தொலைபேசியில் அழைத்து, எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். இனி றிஷாட் வருவான் என்றார். வீட்டை விட்டு நகர்வதில்லை. குசினியை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போய்ப் பார்ப்பார். கேஸ் மூடியிருக்கிறதா, கத்தி உள்ளே இருக்கிறதா. பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பார்த்தோமா என்ற சந்தேகம் வரும். மறுபடியும் எழும்பிப் போவார்.

அடுத்த கிளினிக் நாளுக்கு நபீஸாவையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்த டொக்டர் கொப்பியைப் புரட்டி, அவளிடம் இரண்டொரு கேள்வி கேட்டுப் பதில் வராமல் போக, அசனார் பக்கம் திரும்பினார்.

"வீட்டில இவங்களப் பார்க்க யார் இருக்கீங்க?"

"நான் இரிக்கன்."

"நீங்க மட்டுமா?"

"ஓம்."

"வேற ஏதும் சொல்ல இருக்கா?"

இருந்தது. டின்னைப் பூட்ட மறந்ததைச் சொல்ல இருந்தது. இந்த மாதம் இரண்டு தரம் அடுப்பை அணைக்காமல் விட்டதைச் சொல்ல இருந்தது. முந்தநாள் வீட்டில் தொழுகையில் நின்றுகொண்டு, எத்தனையாவது ரக்அத் என்று தெரியாமல் முழித்ததையும் சொல்ல இருந்தது. சொன்னால் அவருடைய பெயரிலும் ஒரு கொப்பி போடுவார்கள். பிறகு நபீஸாவை யாரிடம் விடுவது?

"ஒண்டுமில்ல டொக்டர்" என்றார்.

மாத்திரைச் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்து, வைத்ததைத் தொட்டுப் பார்த்து, இன்னொருமுறையும் தொட்டுப் பார்த்தார். பிறகு நபீஸாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.